பின் பம்பரில் பதினேழு பொட்டு

"எனக்குப் பின்னால வந்த ரெண்டு பேரு காவி கட்டியாச்சு. எனக்கு எப்பம்மா?"

கேட்டவர் ஆவுடையப்பன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசிப் பக்கம் ஓர் ஆசிரமத்தில் ஆறு வருடமாகக் கார் ஓட்டுகிறார்.

ஆசிரமத் தலைவி நீலாம்பிகை அம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"அவங்களைப் பார்த்தா எரியுதோ, அண்ணாச்சி?"

"சேச்சே. அந்த எண்ணமே எனக்குக் கிடையாது."

சொல்லும்போதே குரல் ஏறிவிட்டது.

அம்மா சிரித்தார். "ஆயுத பூசைக்குக் காரைச் சுத்தமா வைங்க. அன்னைக்குத் தாரேன்."

மனிதர் விடுவாரா? மூன்று நாள் முன்பே மெழுகு பாலிஷ் டப்பாவைத் திறந்துவிட்டார். பெயிண்டுக்கு மட்டும் பூச வேண்டியதை, ஆர்வக் கோளாறில் கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் சேர்த்துத் தேய்த்தார்.

வெயிலில் காய்ந்தது. பெயிண்ட் பளபளத்தது. பம்பர்களும் கதவோரப் பட்டைகளும் வெள்ளை வெள்ளையாய்த் திட்டுப் படிந்து நின்றன.

சோப்புத் தண்ணீர் விட்டார். ஈரம் இருக்கும்வரை கறுப்பு. உலர்ந்ததும் வெள்ளை.

பழைய டூத் பிரஷால் தேய்த்தார். பிரஷ்தான் தேய்ந்தது.

அம்மாவிடம் போய் நின்றார். "போக மாட்டேங்குதும்மா."

அம்மா மேசையிலிருந்த பென்சில் ரப்பரை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இதை வச்சு அவ்வளவு பெரிய வண்டியையா?"

"வண்டியை யாரு சொன்னா? ஒரு திட்டை அழிங்க."

ரப்பர் வேலை செய்தது. பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் ஒளிந்திருந்த மெழுகு, துகள் துகளாய் உருண்டு வந்தது. ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் அழித்தார். கழுத்து பிடித்துக்கொண்டது. கதவுப் பட்டைகள் முடிந்தன. முன் பம்பர் முடிந்தது. பூசை நாள் விடிந்துவிட்டது. பின் பம்பர் அப்படியே இருந்தது.

ஆறு வருடக் காத்திருப்பு. ஒரு பம்பருக்காகப் போவதா?

பூசைக்கு வண்டியில் சந்தனம் வைப்பது வழக்கம்தான். யார் கேட்கப்போகிறார்கள்? திட்டுக்கு ஒரு பொட்டாகப் பின் பம்பர் முழுக்க வைத்தார். ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம்.

அம்மா தாம்பாளத்தில் மடித்த காவியோடு வந்தார். காரைச் சுற்றினார். பின்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"முன்னால ரெண்டு பொட்டு. இங்க பதினேழு. பின் பக்கத்துக்கு மட்டும் பக்தி கூடிப்போச்சோ, அண்ணாச்சி?"

ஆவுடையப்பனை வெட்கம் பிடுங்கித் தின்றது.

பம்பரின் ஓரத்தில் பெரிய திட்டு ஒன்று பொட்டுக்குள் அடங்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் குனிந்து பார்த்தார். பிறகு காவியை எடுத்து நீட்டினார்.

"சந்தனம் பத்தல போல. இந்தாங்க, மிச்சத்தை இதை வச்சு மூடிக்கோங்க."

ஆவுடையப்பன் கை பாதிவரை போயிற்று. அங்கேயே நின்றது.

போய் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தார். பதினேழு பொட்டையும் கழுவிவிட்டார். பம்பர் காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுகள் ஒவ்வொன்றாக வெளுத்து வந்தன. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முதல் திட்டில் ரப்பரை வைத்தார்.

"பூசைக்கு நேரமாச்சே, அண்ணாச்சி."

"நீங்க நடத்துங்கம்மா. எனக்கு இன்னும் ரெண்டு நாள் ஆவும்."

"ரெண்டு நாள்தானே? அப்புறம் காவி கட்டிக்கலாம்."

ஆவுடையப்பன் தலை நிமிரவில்லை.

"ரெண்டு நாள் பம்பருக்கு மட்டும்மா."