கப்பல் கடிகாரமும் ராஜாவின் தலையும்

அலைவாய்ப்பட்டினம் ஒரு குட்டி ராஜ்யம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் பனங்காடு, நடுவில் அரண்மனை. அதை ஆண்டவர் மருதப்ப பூபதி. நல்ல மனுஷர்தான். ஆனால் கடைசியாகக் காதில் ஓதியவர் சொன்னதுதான் அவருக்கு வேதம். கடைசியாக ஓதுகிறவர் எப்போதும் பிரதானி வயிரவநாதர். சபையில் இன்னொருவனும் இருந்தான், கோனேரி என்று பெயர். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம்.

ஒரு மழைக்காலத்தில் பாய்மரம் முறிந்த ஒல்லாந்துக் கப்பல் ஒன்று கரை ஒதுங்கியது. ராஜா மரமும் கொடுத்து, தச்சர்களையும் அனுப்பினார். கப்பல் தலைவன் மனம் குளிர்ந்துபோய், தன்னிடம் இருந்த இரண்டு கப்பல் கடிகாரங்களில் ஒன்றைக் காணிக்கையாக வைத்தான். தேக்குப் பெட்டிக்குள், பித்தளை வளையங்களில் தொங்கும் கடிகாரம். பெட்டியை எப்படிச் சாய்த்தாலும் அது மட்டும் முகம் மாறாமல் வானத்தைப் பார்த்தபடி கிடக்கும். எந்தப் புயலிலும் இது தப்பாது என்று துபாஷி மூலம் சொல்லிவிட்டு அவன் பாய் விரித்துப் போய்விட்டான்.

மறுநாளே வம்பு வந்தது. சூரியன் நடு உச்சியில் நிற்கிறது, கடிகாரமோ மணி ஏழு என்கிறது. கோனேரி வாயைத் திறப்பதற்குள் பிரதானி முந்திக்கொண்டார். கடிகாரம் தப்பாது என்று கப்பல் தலைவனே சொல்லியாயிற்று, அப்படியானால் தப்பு நம் ராஜ்யத்தின் மேல்தான், இத்தனை காலமும் நாம் விடிகாலையில் மதியச் சோறு தின்றிருக்கிறோம் என்று விளக்கினார். ராஜாவுக்கு வெட்கமாகப் போயிற்று. அன்று மாலையே தண்டோரா போட்டார்கள். இனி எல்லாம் கடிகாரப்படி.

அதற்குப் பிறகு ஊர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மதியச் சோறு பொழுது சாயும் நேரத்தில் இலைக்கு வந்தது. மீனவர்களுக்குக் கடலில் இறங்க உத்தரவு கிடைத்த வேளையில் மீன்கள் வேறு ஊருக்குப் போயிருந்தன. விடிகாலையில் கூவிய சேவல்கள் பொய்ச் செய்தி பரப்பியதாகக் கொட்டடியில் அடைக்கப்பட்டன. அங்கேயும் அவை திருந்தவில்லை.

கோனேரிக்கு எதையும் தாங்கலாம், பசியைத் தாங்க முடியாது. ஒரு நாள் வயிறு எரிய, நம் கடிகாரம் ரொம்பத்தான் சாவகாசமானது என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டான். சாப்பாடு வருவதற்கு முன் அந்தப் பேச்சு பிரதானியின் காதுக்குப் போயிற்று. அங்கிருந்து ராஜாவின் காதுக்கு.

சபையில் ராஜா முகம் சிவந்திருந்தது.

“கடிகாரத்தைக் கேலி செய்தாயாமே. சரி, நீயே அதையும் சூரியனையும் சமாதானம் செய்து வை. முள் பன்னிரண்டைத் தொடும்போது சூரியன் என் தலைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போய்விடு.”

பிரதானிக்கு உள்ளுக்குள் பால் பொங்கியது. கோனேரியின் இடத்துக்கு அவர் தன் மைத்துனனை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தார்.

கோனேரி கடற்கரைக்குப் போய் மணலில் உட்கார்ந்தான். எந்த ஊருக்குப் போவது, அங்கே எத்தனை மணிக்குச் சோறு போடுவார்கள் என்று யோசித்தான். அப்போது கப்பல் தலைவனுக்குக் கொடுத்த விருந்து நினைவுக்கு வந்தது. நல்ல உச்சி வேளை. அந்த மனுஷன் சோற்றில் கை வைக்கும் முன் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தான். ‘எங்கள் ஊரில் என் பிள்ளைகள் இப்போதுதான் காலைக் கஞ்சி குடிப்பார்கள்’ என்றான். வெயில் தலைக்கேறிவிட்டது என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். கோனேரி எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு நேரே அரண்மனைக்கு நடந்தான்.

“மகாராஜா, செய்துவிடலாம். சூரியனை நகர்த்துவதுதான் கஷ்டம். தங்கள் தலையை நகர்த்துவது சுலபம்.”

ராஜாவின் கை தானாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தது.

“உடம்போடு சேர்த்துத்தான்” என்றான் கோனேரி. “ஒரு கப்பல் வேண்டும். சாட்சிக்குப் பிரதானியும் வர வேண்டும்.”

மறுநாள் காலை ராஜாவின் கப்பல் மேற்கே பார்த்துக் கிளம்பியது. கரை மறையும் வரை ராஜா கம்பீரமாக நின்றார். அலை கொஞ்சம் உயர்ந்ததும் உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் உயர்ந்ததும் படுத்துவிட்டார். கடிகாரம் ஒன்று மட்டும் ஆடாமல் கிடந்தது.

ராஜா கண்ணைத் திறக்காமல் கேட்டார். “இன்னும் எவ்வளவு தூரம்?”

“காற்று நன்றாக இருந்தால் ஆறேழு மாதம் மகாராஜா. கப்பல் தலைவனின் ஊர் வந்துவிடும். அவன் அங்கே வைத்த மணியைத்தான் இது இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அங்கே போய் நின்றால், முள் பன்னிரண்டைத் தொடும்போது சூரியன் தங்கள் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும்.”

“கப்பலைத் திருப்பு” என்றார் ராஜா.

கப்பல் திரும்பியது. கரை கண்ணில் பட்டதும் ராஜா மெல்ல எழுந்து உட்கார்ந்து யோசித்தார்.

“கோனேரி, அப்படியானால் கடிகாரத்தின் மேலும் தப்பில்லை, சூரியன் மேலும் தப்பில்லை. பின்னே தப்பு யாருடையது?”

கப்பலின் ஓரத்தில் பிரதானி வயிரவநாதர் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைக் கடலுக்கு நீட்டி, அடிவயிற்றிலிருந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தார். கோனேரி அவரைப் பணிவோடு கைகாட்டினான்.

“அதைத்தான் மகாராஜா, பிரதானி உள்ளே ஒன்றும் ஒளிக்காமல் கடலிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.”

ராஜா சிரித்தார். சிரித்த சிரிப்பில் அவருக்கும் குமட்டிவிட்டது. ஓடிப்போய்ப் பிரதானி பக்கத்திலேயே குனிந்தார்.

கரை சேர்ந்ததும் தன் முத்துமாலையைக் கழற்றிக் கோனேரியின் கழுத்தில் போட்டார். அன்று ஊர் முழுக்க நல்ல உச்சி வெயிலில் மதியச் சோறு சாப்பிட்டது. பிரதானி மட்டும் மோர் போதும் என்று சொல்லிவிட்டார்.