பொறுக்கி எடுத்த ஜவ்வரிசி

அமுதவல்லிக்கு ஐம்பத்தாறு வயது. அவளுடைய குருவுக்கு நாற்பத்தைந்துதான். மலையடிவாரத்து மடத்தில் தனியாக இருந்தார். எட்டு வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் அவரைப் பார்க்க வருவாள்.

அன்று வந்தவள் கும்பிடக்கூட இல்லை. கைப்பையைத் தரையில் போட்டாள்.

"சாமி, நான் இந்த வேலைய விட்டுடப் போறேனுங்க."

குரு களிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "என்னாச்சு?"

விஷயம் இதுதான். மரவள்ளிக் கிழங்கையும் ஜவ்வரிசி ஆலைகளையும் விட்டால் அந்த வட்டாரத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. அங்கே செய்யும் ஜவ்வரிசி வடக்கே போய் இறங்குவதற்குள் மஞ்சளாகிவிடுகிறது. வியாபாரிகள் லாரியோடு திருப்பி அனுப்புகிறார்கள். இந்த வருடம் மட்டும் ஆறு ஆலைகளை மூடியாயிற்று.

இதைச் சரிசெய்யத்தான் ஆலைக்காரர்களும் கல்லூரியும் சேர்ந்து ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். பொறுப்பு அந்தக் கல்லூரிப் பேராசிரியை அமுதவல்லியிடம். ஒப்பந்தம் போட்ட அன்று பொன்னாடை, போட்டோ, கேசரி எதற்கும் குறைவில்லை. வேலைதான் நகரவில்லை. மாதக் கடைசிக்குள் ஒரு வழி தெரியாவிட்டால் மையத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

"மஞ்சளான சரக்கு ஒரு கிலோ குடுங்கன்னு நாலு மாசமா கேக்குறேன். ஒவ்வொருத்தரும் பொறுக்கி எடுத்து, வெள்ளைவெளேர்னு அனுப்புறாங்க. அதை வச்சு நான் என்னத்த ஆராய்ச்சி பண்றது?"

"எல்லாருமா?"

"பெரியண்ணன் பண்ணின கூத்தைக் கேளுங்க. இருக்கறதுலயே பெரிய ஆலை அவருது. அவர்கிட்ட நல்ல சரக்கே இல்ல போல. பக்கத்து ஆலையில வாங்கி, புதுத் துணிப்பையில போட்டு அனுப்பியிருக்காரு!"

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அமுதவல்லிக்கு அழுகை வந்தது.

"சிரிக்காதீங்க சாமி. எத்தனை குடும்பம் இதை நம்பிக் கெடக்குது! இவங்களோட சேர்ந்து எப்படி வேலை செய்யறது?"

குரு கையைக் கழுவினார்.

"நீங்க அவங்களுக்கு என்ன அனுப்பினீங்க?"

அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். வழவழப்பான தாள், கலர்ப் படங்கள். "எல்லா ஆலைக்கும் ஒண்ணு குடுத்தோம்."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"நீங்களே கிழங்கு அரைச்சு, மூணு விதமா காய வச்சுப் பாத்திருக்கீங்க. மூணும் அருமையா வந்திருக்கு."

"ஆமாங்க."

"மூணு தடவைதான் செஞ்சீங்களா?"

"நாப்பத்திமூணு தடவைங்க."

"மீதி நாப்பது?"

"எல்லாம் கெட்டுப்போச்சு. சிலது புளிச்சுப்போச்சு, சிலது கட்டி தட்டிடுச்சு. ஒரு தடவை அடுப்பே எரிஞ்சுபோச்சு."

"இதுல அதையெல்லாம் காணோமே."

"அதைப் போய் யாராவது அச்சடிப்பாங்களா? மானம் போயிடாதுங்களா?"

குரு புத்தகத்தை மூடிக் கொடுத்தார்.

"போன செவ்வாக்கெழம பெரியண்ணன் இங்க வந்தாரு."

"இங்கயா? எதுக்குங்க?"

"உங்களாட்டமே புலம்பத்தான். 'அந்தம்மா எதைத் தொட்டாலும் சுத்தமா வந்துடுதுங்க சாமி. புத்தகத்துல படத்தைப் பாத்தேன். அதுக்கப்புறம் என் சரக்கை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க கொண்டுபோறது'ன்னாரு."

அமுதவல்லி புத்தகத்தைப் பைக்குள் திணித்தாள்.

"கெட்டுப்போனதை எல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?"

"நாப்பது நோட்டு இருக்குதுங்க. என் ரூம் பீரோவுல."

"பூட்டியா?"

"ம்."

"சாவி?"

"என்கிட்டதான் சாமி."

குரு மறுபடியும் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அப்ப நாப்பதையும் எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. பெரியண்ணன் ஆறு மணி வரைக்கும் ஆலையிலதான் இருப்பாரு."