எல்லா வாசலிலும் எருக்கம்பூ

காட்டின் எல்லைக்கு வெளியே, வற்றிப்போன ஏரியின் கரையில், சின்னஞ்சிறு வளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. காட்டுக்குள் இடம் கிடைக்காதவர்கள் குடியேறிய புறம்போக்கு அது. சிங்கராஜாவின் காவல்காரச் செந்நாய்கள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கேட்டால், "உங்க வளை எங்க கணக்குலயே இல்லையே" என்று கையை விரித்துவிடும்.

அங்கேதான் குருவாயி என்ற வெள்ளெலி தன் மூன்று குஞ்சுகளோடு குடியிருந்தாள். புருஷனைப் போன அறுவடையின்போது பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. இரை தேட அவள் வெளியே போனால் வளையில் பெரிய ஆள் கிடையாது. சாரைப்பாம்பு நடமாட்டம் வேறு. பாவம், அவள் வயலில் நெல் கொறித்தாலும் மனசு வளையிலேயே கிடக்கும்.

ஒருநாள் கீரி ஒன்று வந்து கரைமேல் உட்கார்ந்தது.

"தங்கச்சிகளா, பாம்புன்னாலே எனக்கு ஆகாது. இனிமே இந்த வளைகளுக்கு நான் காவல். கூலி கீலி எதுவும் வேண்டாம். ஆனா நான் ஒருத்தன், எத்தனை வீட்டைப் பார்ப்பேன்? ஒத்த ஆளாப் புள்ள வளர்க்கிறவங்க வெளிய போகும்போது வாசல்ல ஒரு எருக்கம்பூவைச் செருகிட்டுப் போங்க. அந்த வீட்டைத் தனியா கவனிச்சுக்கிறேன்."

குருவாயிக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று இதுவரை ஒரு ஜீவன்கூட அவளிடம் சொன்னதில்லை. மறுநாளே பூவைச் செருகினாள், அதுவும் இரண்டாக.

"அம்மா, நாங்க தனியா இருக்கிறது வெளிய தெரியணுமா?" என்று கேட்டது கடைக்குட்டி.

"கீரி மாமாவுக்குத் தெரியணும். பேசாம உள்ள இரு."

நாலு நாள் நல்லபடியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் காலையில் கீரி முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நக்கிக்கொண்டிருந்தது.

"கால்ல என்ன அண்ணே?"

"முள்ளு தங்கச்சி. உங்களுக்காக அலைஞ்சு கிடைச்ச வெகுமதி."

ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டிவிட்டு, குருவாயி வாசலில் பூவைச் செருகி வயலுக்குப் போனாள்.

வரப்பில் பக்கத்து வளை மாசாணன் நின்றான். அவன் முள்ளெலி. பெண்டாட்டி செத்தபின் ராக்கு என்ற ஒரே மகளைத் தனியாக வளர்ப்பவன். அவன் வாசலிலும் பூ உண்டு. இன்று அவன் முகம் சரியில்லை.

"நேத்து நான் இல்லாத நேரமாப் பார்த்து யாரோ எங்க வளைக்குள்ள காலை விட்டுத் துழாவியிருக்காங்க, குருவாயி. எம்பொண்ணு சுருண்டுக்கிட்டா. நல்லாக் குத்து வாங்கிட்டுத்தான் போயிருக்கு."

குருவாயியின் வாயிலிருந்த நெல் கீழே விழுந்தது. முள் குத்திய கால் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ராக்குவுக்கு முள் இருந்தது. தன் குஞ்சுகளுக்கு என்ன இருக்கிறது? வாசலில் பூதான் இருக்கிறது.

ஓடினாள். மாசாணனும் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

கீரி அவள் வாசலில் குப்புறப் படுத்து, நல்ல காலை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. "பயப்படாதீங்க பிள்ளைகளா. மாமா பாதுகாப்புக்குத்தான் வந்திருக்கேன். கொஞ்சம் முன்னால வாங்க."

எதிரே போய் நின்றால் அவளும் இரையாவாள். சட்டென்று மாசாணனுடைய வளைக்குள் பாய்ந்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சாண் மண்சுவர்தான். ராக்கு தும்மினால் இந்தப் பக்கம் குஞ்சுகள் விழித்துக்கொள்ளும். இந்தச் சுவர் ஏன் இவ்வளவு மெல்லிசு என்று அவள் திட்டாத நாளில்லை. இன்று அதையே பரபரவென்று பறித்தாள். ஓட்டை விழுந்தது. மூன்று குஞ்சுகளையும் ஒவ்வொன்றாகக் கவ்வி இழுத்தாள்.

"ராக்கு, நீ அந்தப் பக்கம் போய்ச் சுருண்டுக்கோ!" என்றான் பின்னாலேயே நுழைந்த மாசாணன்.

கீரியின் காலில் உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது. "அடேயப்பா, நல்ல கொழுத்த குஞ்சு" என்று ஆசை ஆசையாக அமுக்கிப் பிடித்தது. அது போட்ட அலறலில் ஏரிக்கரையே வெளியே வந்துவிட்டது; கீரி நொண்டிக்கொண்டே ஓடிப்போயிற்று.

அன்று சாயங்காலத்துக்குள் அங்கிருந்த எல்லாச் சுவர்களிலும் ஓட்டை விழுந்தது. ஒருவர் இரை தேடப் போனால் ஒருவர் குஞ்சுகளோடு இருப்பதென்று முறை வைத்துக்கொண்டார்கள். பூவையும் விடவில்லை. "நம்மளக் காட்டிக்கொடுத்த பூவே அந்தக் கீரியோட கண்ணையும் கட்டட்டும்" என்று குருவாயி வாசலுக்கு வாசல் செருக வைத்தாள்.

மூன்றாம் நாள் கீரி ஒன்றுமே நடக்காததுபோல இரண்டு காலும் நொண்ட நொண்ட வந்தது. கரை முழுக்க எருக்கம்பூ. எந்த வளையில் குஞ்சு, எந்த வளையில் முள் என்று அதற்கு ஒன்றும் புரியவில்லை.

"தங்கச்சி, இதுல பெரியவங்க இல்லாத வீடு எது?"

குருவாயி மூக்கை மட்டும் வெளியே நீட்டினாள். உள்ளே அவள் முதுகில் ஆறு குஞ்சுகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. அதில் மூன்றுதான் அவளுடையவை.

"அப்படி ஒரு வீடு இங்க இல்ல அண்ணே. சந்தேகமா இருந்தா ஒவ்வொண்ணா காலை விட்டுப் பாருங்க."

கீரி தன் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டது. அப்புறம் அது அந்தப் பக்கம் வரவே இல்லை.

தனியாக இருப்பதை வாசலில் எழுதி வைக்கச் சொல்லும் காவலைவிட, பக்கத்து வீட்டோடு திறந்திருக்கும் ஒரு வழியே பிள்ளைகளுக்குப் பெரிய பாதுகாப்பு.