மாத்திரை கேட்ட சாப்பாடு

ஒரு சிரிப்பு வரப்போகிறது. ஆனால் இப்போது இல்லை. இப்போது ஆவுடையப்பன் அழுதுகொண்டிருக்கிறார். அழுகிறவர் எதிரில் சிரித்தால் நன்றாக இருக்காது.

“சாமி, என் தோளைக் காணோம்” என்றார் அவர்.

மடத்துச் சாமி அவர் சட்டைக்குள் எட்டிப் பார்த்தார். பாயைத் தூக்கி அடியிலும் பார்த்தார்.

“விளையாடாதீங்க சாமி.”

“சரி, விளையாடலை. கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“போன வைகாசித் திருவிழாவுல.”

சாமி ஆவுடையப்பனைவிட வயதில் இளையவர். அவரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவார். ஊரில் யார் குரல் வேண்டுமென்றாலும் அவர் தொண்டையில் இருக்கும். ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று தர்மகர்த்தாவைப் போல இருமினார். இந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த காவல்காரர் எழுந்து, மதிலைப் பார்த்துக் கும்பிட்டார்.

ஆவுடையப்பன் அம்மன் சப்பரம் தூக்குகிறவர். முன்தண்டு, இடது தோள். அந்தத் தோளில் தண்டு உட்கார்ந்தால் ஆணி அடித்த மாதிரி இருக்கும் என்பார்கள். தை மாதம் டைபாய்டு வந்தது. காய்ச்சல் போனது, போகும்போது ஆளையும் பாதி கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருந்ததைச் சட்டை தொங்கவிட்டுக்கொண்டிருந்தது.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“குடல் ஆறிடுச்சு, இனி நல்லாச் சாப்பிடுங்கன்னார்.”

“சப்பரம் தூக்குறவங்க தலைவர் பிச்சுமணி?”

“‘நீ இந்த வருசம் குடை பிடி’ங்கார். சாமி, நான் குடை பிடிக்கவா பொறந்தேன்? ஒரு திருவிழாவுக்கு இடத்தைக் காலியா விட்டா, நிரப்புனவனுக்கே அந்த இடம். அதான் எங்க வழக்கம். மாடக்கண்ணு இப்பவே தோள்ல துண்டை மடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியுதான்.”

“அப்ப சாப்பிட வேண்டியதுதானே?”

“எதைச் சாப்பிட? பாதாம் பிஸ்தாங்கான் கடைக்காரன். டப்பா மாவுங்கான். அதெல்லாம் எனக்குக் கட்டுபடி ஆகுமா? வீட்டுக்காரி கேப்பக்களியையும் கடலையையும் கொண்டாந்து வைக்கா. அது வாய்க்கு வேலை. அதுல சதை பிடிக்குமா?”

சாமி உள்ளே போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வரும்போது கையில் ஒரு சின்னச் செப்பு. அதற்குள் மிளகைவிடச் சற்றுப் பெரிய கறுப்பு உருண்டைகள்.

“பொல்லாத மாத்திரை. மெல்லக் கூடாது. முழுங்கணும்.”

ஆவுடையப்பன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“ஆனா, வெறும் வயித்துல போனா குடலைக் கருக்கிடும். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு துணை உண்டு. அது இல்லாமத் தொடக்கூடாது.”

“சொல்லுங்க சாமி. துணைதானே.”

“காலையில பழையசோறு. தயிர் ஊத்தி, சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு. வெயில் ஏறினதும் ஊறவெச்ச நிலக்கடலை ஒரு கை, கருப்பட்டியோட. மத்தியானம் பருப்பும் முருங்கைக்கீரையும், சோத்துமேல நல்லெண்ணெய் விட்டு. பொழுது சாஞ்சதும் களி, கூட ஒரு வாழைப்பழம். நடுவுல என்னைக்காவது அவிச்ச முட்டை.”

“முட்டையா? மடத்துல உக்காந்துக்கிட்டு நீங்களா சொல்லுதீங்க?”

“நானா கேக்கேன்? மாத்திரை கேக்குது, அண்ணாச்சி.”

அவர் எழுந்தபோது சாமி மறுபடி கூப்பிட்டார்.

“முதல்ல கொஞ்சங் கொஞ்சமாத்தான். அப்புறம் கூட்டணும். தின்னுட்டுப் படுத்தா மாத்திரை ஒரே இடத்துல ஒட்டிக்கிடும். ஆத்துவரை நடங்க. கால்ல பெலம் வந்ததும் வீட்டுல மைனிக்கு ஒரு குடம் தண்ணி எடுத்துக் குடுங்க. குடம் லேசாத் தெரிஞ்சா, இன்னொண்ணு.”

இங்கே சிரித்திருக்கலாம். வேண்டாம், பொறுங்கள்.

அன்றிலிருந்து ஆவுடையப்பன் வீட்டில் மாத்திரைக்குத் தனி மரியாதை. செப்பு சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மனைவி கோமு கடலையைக் கொண்டுவந்து வைத்தால், “கடலைக்காகத் திங்கலை, மாத்திரைக்காகத் திங்கேன்” என்பார்.

“யாருக்காகவோ தின்னுங்க” என்பாள் கோமு. சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஏனோ தோள் குலுங்கும்.

டீக்கடையில் அவருக்கு அந்தப் பேச்சுதான். “உடம்பு முழுக்க ஓடுது தெரியுமா? நேத்து முழுங்கினேன், இன்னைக்குக் கெண்டைக்கால்ல நிக்குது.” மாடக்கண்ணு ஒரு ஓரமாக டீயை ஆற்றிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான்.

சாயங்காலம் ஆறுவரை நடந்து, திரும்பும் வழியில் மடத்தில் உட்காருவார். அந்த நேரத்தில் சாமியிடம் உபதேசம் எல்லாம் கிடையாது.

“பெரியசங்கிலி அண்ணன் எப்படிக் குரல் குடுப்பாரு, ஞாபகம் இருக்கா அண்ணாச்சி?”

பெரியசங்கிலி, பிச்சுமணிக்கு முன்னால் தலைவராக இருந்தவர். செத்துப்போய் வெகுகாலம் ஆகிறது. சாமி கண்ணை மூடித் தொண்டையைச் செருமினார்.

“ஏ… சாஞ்சு வா! அலுங்காம வா! அம்மா தூங்குதா, உலுக்காதீங்கலே!”

ஆவுடையப்பனின் இடது தோள் தானாகத் தாழ்ந்தது.

தெற்கு ரத வீதி திருப்பம் வந்துவிட்டது. தீவட்டி எண்ணெயின் புகை. வாடிய பிச்சிப்பூ. ஈரத் தெருவில் வெறுங்கால்கள் ஒன்றாக விழும் சத்தம். மேலே அம்மன் அசைந்து அசைந்து, நிஜமாகவே தூங்கிவழிகிற பிள்ளை மாதிரி. வாசலுக்கு வாசல் பெண்கள் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். யார் காலில் ஊற்றுகிறோம் என்றுகூடப் பார்க்கமாட்டார்கள். பக்கத்துத் தண்டில் இருந்தவர்கள் பாதிப் பேர் இப்போது இல்லை. அந்தக் கனம் மட்டும் தோளில் இருந்தது.

“இன்னொருக்கச் சொல்லுங்க சாமி.”

சாமி சொன்னார். ஆவுடையப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பங்குனி போனது. சித்திரையில் சட்டை பிடிக்க ஆரம்பித்தது. குடங்கள் லேசாகிக்கொண்டே வந்தன. வைகாசிக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள், பிச்சுமணி வெறும் சப்பரத்தில் மணல் மூட்டை ஏற்றித் தூக்கிப் பார்க்கச் சொன்னார். முன்தண்டில் ஆவுடையப்பன் நின்றார். பிச்சுமணி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். “நாளைக்கு நீரே நில்லும்” என்றார்.

மறுநாள் வெயில் ஏறியதும் மடத்துக் கதவு படாரென்று திறந்தது.

“சாமி! மோசம் போச்சு!”

ஆவுடையப்பன். வலது கை மூடியிருந்தது. இடது கையில் காலிச் செப்பு.

“மாடக்கண்ணு தின்னுட்டான்! கடலையோட மாத்திரையை எடுக்கலாம்னு செப்பைத் திறக்கேன், ஒண்ணுகூட இல்லை. அவனே வந்து சொல்லுதான், ‘உமக்கு ஏறின மாதிரி எனக்கும் ஏறட்டும்வே’ன்னு. காலையில நான் தண்ணிக்குப் போன நேரம் பாத்து வீட்டுக்குள்ள வந்து, எல்லாத்தையும் ஒரே வாயில முழுங்கியிருக்கான்!”

“எதோட?”

“பச்சத்தண்ணியோட! துணை இல்லாம! குடல் கருகிச் செத்துக்கித்துப் போயிட்டான்னா? ஐயோ, எனக்கும் ஒரு மாத்திரை இல்லையே! சாயங்காலம் சப்பரம் எழும்புது. மாத்திரை இல்லாம எப்படித் தண்டுக்குக் கீழ நிப்பேன்? நடுத்தெருவுல அம்மாளைக் கீழ போட்டுட்டேன்னா?”

சாமி நிதானமாகப் பாயை விரித்தார்.

“மாடக்கண்ணு ஒண்ணும் ஆகமாட்டான். புளியேப்பம் வரும்.”

“ஏன்?”

“புளியும் சீரகமும்தானே.”

“எது?”

“மாத்திரை.”

ஆவுடையப்பன் செப்பைப் பார்த்தார். முகர்ந்தார். விரலை விட்டு வழித்து நாக்கில் வைத்தார். அவரே மெல்லாமல் முழுங்கிய நாட்களெல்லாம் அந்த நாக்கில் புளித்தன.

“வெறும் புளியா?”

“சீரகமும் இருக்கு.”

“அப்ப நேத்து மணல்மூட்டையைத் தாங்கினது?”

சாமி எழுந்து வந்தார். ஆவுடையப்பனின் வலது கையைப் பிடித்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே ஊறிய நிலக்கடலை, ஓடிவந்த வேகத்தில் நசுங்கி, உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஆவுடையப்பன் கையைப் பார்த்தார். தோளைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“இந்தப் புளியை உருட்டினது யாரு சாமி? நீங்களா?”

சாமி கடலையை மென்று முடித்தார். வாயைத் திறந்தார். வந்தது கோமுவின் குரல்.

“‘நான் வெச்சா இந்த மனுசன் திங்கமாட்டார் சாமி. உருட்டி எடுத்தாந்திருக்கேன். நீங்க குடுத்தா முழுங்குவார்.’”

ஆவுடையப்பன் வாயைத் திறந்தபடி நின்றார். மிச்சக் கடலையை அதில் போட்டுக்கொண்டார். மென்றார். பாதி மெல்லும்போது தோள் குலுங்க ஆரம்பித்தது.

“அடிப் பாவி கோமு!”