வாத்தை ஓட்டி வண்டிய மறிச்ச தவுடு

ஒரு ஊர்ல ஒரு வாத்துக்காரி இருந்தா. ஒரு ஊர்லன்னா, அவளுக்கு ஏதுடா ஒரு ஊரு? அறுப்பு முடிஞ்ச வயலாப் பாத்து வாத்துங்கள ஓட்டிக்கிட்டு இன்னைக்கு இங்க, நாளைக்கு அங்க. போற எடத்துல ஒரு கொட்டாய் போட்டுக்குவா. பேரு பூங்காவனம். 'ம்' கொட்டுறியா? கொட்டாட்டி பெரியம்மா திரும்பிப் படுத்துக்குவேன், எனக்கும் ஒடம்பு அசதி. ஆங், அப்படி.

அவளுக்குப் புருஷன் இல்ல. கனகுன்னு ஒரே பொண்ணு, ஒன்னவிடச் சின்னவ. அப்புறம் வயலு நெறைய வாத்து. அப்புறம் ஒரு நாயி. தவிட்டு நெறத்துல இருக்கும், அதனால தவுடு.

அந்த நாயிக்கு யாரும் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலடா. பூங்காவனம் கையில நீளமா ஒரு மூங்கிக் கழி, நுனியில கிழிஞ்ச துணி கட்டியிருக்கும். கழி இந்தப் பக்கம் சாஞ்சா வாத்தெல்லாம் அந்தப் பக்கம் போகும், குவாக் குவாக் குவாக்னு. தவுடு வரப்புல ஒக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் ஒரு நாளு, அவ கழிய எடுக்கறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயி வாத்த மடக்கிக் கொண்டாந்துருச்சு. அவளுக்குக் காய்ச்சல் வந்து கழியத் தூக்க முடியாத அன்னைக்கு, அவ எந்தப் பக்கம் பாக்குறான்னு கண்ணப் பாத்தே ஓட்டுச்சாம். கண்ணப் பாத்துடா. இப்ப சொல்றப்பவும் எனக்குக் கை புல்லரிக்குது, தொட்டுப் பாரு.

ஆனா பூங்காவனத்துக்கு அது பெருசாத் தெரியல. நம்ம சொல்றது அதுக்குப் புரிஞ்சாப் போதும், அது சொல்றது நமக்கு எதுக்குன்னு இருந்துட்டா.

வாத்து விடியக்காலைல முட்டை போடும். அதைப் பொறுக்கி, கூடையில வைக்கோல் போட்டு அடுக்கி, மேலயும் வைக்கோல் போட்டு மூடி வைப்பா. மேல மூடியிருந்தா கூடை ரொம்பிடுச்சுன்னு அர்த்தம். ரசாக் பாய்னு முட்டை யாவாரி, வண்டியில வந்து ஏத்திக்கிட்டுப் போவாரு.

அன்னைக்கு ஒரே பனி. கனகு தூக்கக் கலக்கத்துல கொட்டாய்லேர்ந்து வெளிய வந்தா. வெடவெடன்னு குளுருது. வைக்கோல் போட்ட காலிக் கூடை ஒண்ணு இருந்துச்சு. உள்ள எறங்கிச் சுருண்டுக்கிட்டு, மேல வைக்கோல இழுத்து மூடிக்கிட்டுத் தூங்கிட்டா. பாத்தது தவுடு மட்டும்தான்.

அப்புறம் டுர்ர்ர்ருனு வண்டி வந்துச்சு. பாயும் பூங்காவனமும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு, வைக்கோல் மூடுன கூடையெல்லாம் ஏத்திட்டாங்க. முட்டைக் கூடை கனமாத்தான இருக்கும், யாருக்குச் சந்தேகம் வரும்? வண்டியும் கெளம்பிருச்சு. அடுத்த ஊருக்குப் போனா இன்னும் முட்டை வாங்கி, இந்தக் கூடை மேல அந்தக் கூடைய அடுக்குவாரு பாய். உள்ள புள்ள இருக்குடா. இப்ப 'ம்' சொல்லாத, கேளு.

தவுடு ஓடியாந்து லொள் லொள் லொள்ளுனு கொலைச்சுது. "சும்மா கெட சனியனே"ன்னா பூங்காவனம்.

அப்புறம் அவ முந்தானைய வாயில கவ்வி இழுத்துச்சு. "பசிக்குதா"ன்னு பழைய சோத்தை வச்சா. அது மோந்துகூடப் பாக்கல.

அப்புறம் அவ எதிர்ல வந்து ஒக்காந்துச்சு. அவ மொகத்தைப் பாத்துச்சு. திரும்பி ரோட்டைப் பாத்துச்சு. மறுபடி அவ மொகம், மறுபடி ரோடு. வாயில்லா ஜீவன் அதுக்கு மேல எப்படிடா சொல்லும்? இவ என்னடான்னா, "பாய் இன்னைக்கு ஒனக்குப் பொறை ரொட்டி போடலயா, அதான் கோவமா"ன்னு சிரிச்சுக்கிட்டே அடுப்பு மூட்டப் போயிட்டா. மக கொட்டாய்க்குள்ள போத்திக்கிட்டுத் தூங்குதுன்னு நெனப்பு அவளுக்கு.

அப்போ தவுடு என்ன யோசிச்சுதுன்னு படைச்சவனுக்குத்தான் தெரியும். சொன்னாப் புரியல. தனியாப் போயி மறிச்சா வண்டி சுத்திக்கிட்டுப் போயிரும். அதுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு.

ஓடுச்சு. வாத்தை அடைச்சிருந்த வலைய மூக்கால நெம்பித் தள்ளுச்சு. அத்தனை வாத்தும் வெளிய வந்துருச்சு. ரோடு ஏரிக்கரையச் சுத்தி வளைஞ்சு போகுது, முட்டை ஒடையக் கூடாதுன்னு பாயும் ஊர்ந்துதான் போவாரு. தவுடு குறுக்கால வயல்ல எறக்கி, சரசரசரன்னு வாத்த ஓட்டுச்சு. "அடப்பாவி நாயே, கூட்டத்தையே கலைச்சிட்டியே"ன்னு பூங்காவனம் கழிய எடுத்துக்கிட்டுப் பின்னாடியே ஓடுனா.

வண்டி வளைவுல திரும்புது, ரோடு முழுக்க வாத்து. க்ரீச்சுனு நின்னுருச்சு. "என்னம்மா இது, காலங்காத்தால"ன்னு பாய் தலைய நீட்டுறாரு. பூங்காவனம் மூச்சு வாங்க வந்து, தவுடு மேல கழிய ஓங்கிட்டா. அது ஓடல. அடி விழப் போகுதுன்னு கண்ண மட்டும் சுருக்கிக்கிட்டு, அவ மொகத்தைப் பாத்துச்சு, வண்டியப் பாத்துச்சு. அவ மொகம். வண்டி.

ஓங்குன கை அப்படியே நின்னுச்சு. அன்னைக்குத்தான் மொதல் தடவையா, அது பாத்த எடத்தை இவளும் பாத்தா. ஒரு கூடையில வைக்கோல் மெல்ல மெல்ல ஏறி எறங்குது. முட்டை மூச்சு விடுமாடா?

வாரி எடுத்தா. கனகு முழிக்கக்கூட இல்ல, அம்மா தோள்ல மூக்கைத் தேச்சுக்கிட்டு மறுபடி தூங்கிட்டா. பாய்க்குக் கையும் ஓடல காலும் ஓடல, ரோட்டோரமே ஒக்காந்துட்டாரு. பூங்காவனம் ஒரு கையில புள்ளயும் ஒரு கையில நாயுமாக் கட்டிக்கிட்டு அழுதா. வாத்தெல்லாம் அது பாட்டுக்கு ஏரியில எறங்கிருச்சு, யாரும் கண்டுக்கல.

அதுக்கப்புறம் தவுடு அவ மொகத்தைப் பாத்துட்டு எங்கயாவது திரும்பிப் பாத்துச்சுன்னா போதும், கையில எடுத்த சோத்தை வச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவா. ஒரு நாளு அப்படிப் போயிப் பாத்தா, வாய்க்கா ஓரம் ஒரு தவளை. வேற ஒண்ணும் இல்ல. அவ திட்டல. பக்கத்துல குந்திக்கிட்டா. ரெண்டு பேருமா ரொம்ப நேரம் அந்தத் தவளையவே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம்.

தவளை தண்ணிக்குள்ள குதிச்சிருச்சு, கதையும் அதுகூடவே குதிச்சிருச்சு. நீ தூக்கத்துல குதி.