உச்சி வெயிலில் தலை கவிழும் செடி

அந்தக் காலத்தில் செடிகள் பேசின. மனிதர்களும் நின்று கேட்டார்கள்.

மலைமேல் ஓர் ஊர். அங்கே பல் முளைக்காத குழந்தை இறந்தால் கிழக்குச் சரிவில், வெயில் படும் இடத்தில் புதைப்பார்கள். அடுத்த மழைக்குள் அந்த மேட்டில் பச்சை தழைத்தால் குழந்தையின் பெயரைக் காலமெல்லாம் சொல்லலாம். தழைக்காவிட்டால் பெயரை விட்டுவிட வேண்டும். பெற்றவளும் சொல்லக் கூடாது.

மசணியின் மகன் காரி தை மாதத்தில் இறந்தான். சரிவில் வெறும் சரளை. அவள் நட்ட அருகம்புல் கருகியது. தும்பையும் கருகியது. ஓடையோர நிழலில் அகன்ற இலைகளோடு ஒரு செடி நின்றது. இன்று ஹைட்ரேஞ்சியா என்று தொட்டியில் வைத்து விற்கிறார்களே, அதுதான். ஒடித்து நட்டால் வேர்விடும் என்று பேர் வாங்கியது. மசணி அதனிடம் போனாள்.

தனக்கு வெயிலே பழக்கமில்லை, அந்த மண்ணில் தின்ன ஒன்றுமில்லை என்றது செடி. மண்ணைத் தான் சுமந்து வருவதாக மசணி சொன்னாள். அப்படியானால் ஒரு கொப்பை ஒடித்துக்கொள் என்றது செடி.

காட்டிலிருந்து மக்கிய இலைமண்ணைக் கூடை கூடையாகச் சுமந்தாள். “குளிர்லயே கிடந்ததக் கொண்டாந்து வறுக்கப் போறியா அண்ணி?” என்றாள் நாத்தனார் ரங்கி. சொல்லிவிட்டுப் பாதிக் கூடைகளை அவளே சுமந்தாள்.

மேட்டில் நட்ட கொப்பு துளிர்த்தது. ஆனால் உச்சிப்பொழுதில் இலைகள் தொங்கின. மசணி ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றினாள். மறுநாளும் தொங்கின, இரண்டு குடம் ஊற்றினாள். அடியிலைகள் பழுக்கத் தொடங்கிய பிறகு, ஒரு விடியற்காலையில் செடி பேசியது.

“தாகமில்லை மசணி. தண்ணீரில் மூச்சு முட்டுகிறது. வெயில் தாண்டும்வரை தலையைக் கீழே போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். காலையில் ஊற்று. நடுப்பகலில் என்னைப் பார்க்க வராதே.”

அவள் அப்படியே செய்தாள். இலைகள் பழுப்பது நின்றது.

மேற்கே மேகம் கட்டியதும் ஊர் மூப்பர் நாலு பேரோடு சரிவுக்கு வந்தார். நல்ல உச்சிவேளை. செடி நனைத்துப் போட்ட துணிபோலக் கிடந்தது. அந்த நேரத்தில் அதற்குப் பேச்சும் எழாது. மூப்பர் குனிந்து ஓர் இலையைத் தொட்டார்.

“போயிருச்சு தாயி. இனி அந்தப் பேரைச் சொல்லாத.”

ரங்கி குடத்தோடு ஓடிவந்து அண்ணியின் கையில் திணித்தாள். “ஊத்து அண்ணி.” எல்லோரும் குடத்தையே பார்த்தார்கள். இன்னொரு குடம் தாங்காது என்பது மசணிக்கு மட்டும் தெரியும். குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடி கீழே இறங்கி, தண்ணீரைச் சரளையில் கொட்டினாள். இவளெல்லாம் பெற்றவளா என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அவள் திரும்பி வந்து, செடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

“நிழல் வர்ற வரைக்கும் இருங்க. அப்புறம் நீங்க சொல்றபடி.”

இரக்கப்பட்டு உட்கார்ந்தார்கள். மலையின் நிழல் மெல்லச் சரிவில் இறங்கியது. மசணி திரும்பவில்லை. மூப்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மெதுவாக எழுந்து நின்றார்.

“பேரச் சொல்லு தாயி.”

நிமிர்ந்து நின்ற செடியின் பக்கம் திரும்பிச் சொன்னாள்: “காரி.”

அன்று முதல்தான், அந்தக் கொப்பின் வழிவந்த செடிகளெல்லாம் உச்சி வெயிலில் தலையைத் தொங்கப்போட்டு, நிழல் வந்ததும் நிமிர்கின்றன; பதறிக் குடத்தோடு ஓடிவருகிறவர்களிடம் இப்போது அவை எதுவும் சொல்வதில்லை.