எண்ணெய் துடைத்த தையல்நாயகி அம்மையார்

நாகைக் கடலோரத்துச் சிவன் கோயிலில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பதே தையல்நாயகி அம்மையாரின் திருத்தொண்டு. விளக்கேற்றியவர்கள் புண்ணியத்தோடு வீட்டுக்குப் போவார்கள். வழிந்த எண்ணெயும் கரியும் அம்மையாருக்கு. பிரதோஷ மாலைகளில் நந்தி மண்டபத்தில் கால் வைக்க முடியாது. யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாதே என்று தேங்காய் நாரும் சீயக்காய்த்தூளுமாக அவர் மண்டியிட்டுவிடுவார்.

கணவர் கனகசபை வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் எஞ்சினுக்கு எண்ணெய் போடுகிறவர். ஒரு மாலை நடுக்கடலில் அவர் காணாமற்போனார். உடலும் கிடைக்கவில்லை. தாமே குதித்துவிட்டார் என்று கம்பெனி எழுதிவிட்டது. தற்கொலைக்கு இழப்பீடு கிடையாதாம்.

இழப்பீடு கேட்டு அம்மையார் ஐந்து வருடம் சென்னைக் கப்பல்துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பிறகு வாரிசுச் சான்றிதழ். அது வந்தபோது கேட்டவர் மாற்றலாகிப் போயிருந்தார். வீட்டுச் சண்டையில் கணவர் மனமுடைந்திருந்தார் என்று கையெழுத்திட்டால் ஏதோ தருவதாகக் கம்பெனி ஏஜென்ட் ஆசை காட்டினார். அம்மையார் பேனாவைத் தொடவில்லை. பெண்டாட்டி தொல்லையால்தான் குதித்தான் என்று குழாயடியில் ஊர் பேசிற்று. ஊர் வாயை யார் மூடுவது?

கொழுந்தனாரும் கேட்டுவிட்டார்: “சாமிக்கு இவ்ளோ தொடச்சீங்களே அண்ணி, ஒங்க கண்ணத் தொடைக்க அது வந்துச்சா?”

“வரும்போது வரட்டும் தம்பி. இன்னிக்குப் பிரதோஷம், நான் போவணும்.”

கடைசி விசாரணையன்று அம்மையார் மிகவும் களைத்திருந்தார். இறைவனிடம்கூட ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கம்பெனி வக்கீல் அதுவரை காட்டாத புகைப்படம் ஒன்றை விசாரணை அதிகாரியிடம் நீட்டினார். கப்பலின் மேல்தளத்தில் கனகசபையின் பூட்ஸ் ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. தவறி விழுகிறவன் பூட்ஸைக் கழற்றிவிட்டா விழுவான் என்று கேட்டார்.

அம்மையாரும் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

“அன்னிக்குப் பிரதோஷம் ஐயா. எந்தக் கடல்ல இருந்தாலும் பொழுது சாய மேல வந்து கும்பிடுவாரு. பூட்ஸு போட்டுக்கிட்டா சாமி கும்பிடுவாங்க?”

பிறகு பூட்ஸுக்கு முன்னால் பளபளத்த தரையை விரலால் காட்டினார். சிந்திய எண்ணெயில் வெறுங்கால் சறுக்கிய தடம், கப்பல் விளிம்பின் தடுப்புக் கம்பியில் சங்கிலி மாட்டாமல் விட்டிருந்த இடைவெளி வரை நீண்டிருந்தது. ஆயுள் முழுக்க எண்ணெய்த் தரையோடு பழகிய கண்ணுக்கு அது தெரியாதா?

“யாருமே தொடைக்கலையே ஐயா,” என்றார். அந்த ஐந்து வருடத்தில் அவர் அழுதது அப்போதுதான்.

அதிகாரி பஞ்சாங்கம் வரவழைத்துப் பார்த்தார். பிரதோஷம்தான். கும்பிட வந்தவர் வழுக்கி விழுந்தார், இது விபத்து, இழப்பீடு குடும்பத்துக்கு உரியது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த பிரதோஷத்தன்று சுவாமி இடபத்தின்மேல் புறப்பட்டபோது, நந்தி மண்டபத்தில் அம்மையார் இன்னும் குனிந்திருந்தார். சீக்கிரம் எழுந்திரு என்று சிலர் அதட்டினார்கள். குருக்கள் கையமர்த்தினார்.

“அவா தொடச்சு முடிக்கட்டும். சுவாமி காத்துண்டிருப்பார்.”

ஊரே பார்க்க, கடைசிச் சொட்டு எண்ணெயும் போகும்வரை ஈசன் அங்கேயே நின்றார். பிறர் கால் வழுக்காதிருக்கத் தரை துடைத்த அந்தக் கைகளுக்கு நாமும் ஒரு கும்பிடு போடுவோம்.